போட்டி நாளில் மீன் வாயே திறக்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடைசிப்பந்தி:
நானே தொடங்குகிறேன். டல்லாஸுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரி, 2021-ல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் மீன்பிடிப் போட்டி நடந்த அதே ஏரி. மார்ச் மாதம், உள்ளூர் கிளப் போட்டி. எனக்குப் படகு கிடையாது, அடுத்தவர் படகில் பின்னால் நின்று பிடிக்கும் கோ-ஆங்லர்தான். படகுக்காரர் முன்னால் நின்று, படகை மெல்ல நகர்த்தும் ட்ரோலிங் மோட்டாரைக் காலால் ஓட்டிக்கொண்டே நல்ல இடமாகப் பார்த்து வீசுவார். அவர் வீசி முடித்த தண்ணீர்தான் பின்னால் நிற்கும் நமக்கு. கடைசிப் பந்தி மாதிரி, அப்பளம் இருந்தால் அதிர்ஷ்டம்.

முந்தின நாள் மேகமூட்டம், தெற்கத்திக் காற்று. ஸ்பின்னர்பெய்ட்டை (தகடு சுழலும் செயற்கை இரை) வீசிய ஒரு மணி நேரத்தில் நாலு மீன். ராத்திரி குளிர்காற்று இறங்கிவிட்டது. காலையில் 41 டிகிரி (ஃபாரன்ஹீட்தான்), வானம் கழுவித் துடைத்த நீலம். பாஸ் மீனுக்கு அது ஆகவே ஆகாது. மூழ்கிய மரத்தோடு ஒட்டிக்கொண்டு, மூக்குக்கு முன்னால் வந்தால் ஒழிய எதையும் தொடாது.

இதெல்லாம் தெரிந்தும் நாலு மணி நேரம் அதே ஸ்பின்னர்பெய்ட்டை வீசினேன். நேற்று கொடுத்த ஏரி இன்று கொடுக்காதா என்ற பிடிவாதம். 11:20-க்கு ஒன்று அடித்தது. வயிறு வெள்ளையாகப் புரண்டதைப் பார்த்தேன், மூன்று பவுண்டு இருக்கும். பட்டென்று தூண்டில் நரம்பு அறுந்தது. இழுத்துப் பார்த்தால் கடைசி ஓரடி முழுக்கச் சொரசொரப்பு. காலையிலிருந்து மரத்தில் உரசியது. விரலால் ஒருமுறை தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். வெட்டிவிட்டு வேறு முடிச்சுப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன். மற்ற கோல்களை எல்லாம் கட்டி வைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பின்னிங் கோல், 8 பவுண்டு நரம்பு, சின்ன ஈயம், நாலு அங்குல ரப்பர் புழு. மரத்தை ஒட்டி இறக்கிவிட்டு அசைக்காமல் இருபது வரை எண்ணுவது. விரல் விறைத்துப்போய் எண்ணிக்கை அடிக்கடி தவறியது. 1:40-க்கு நரம்பு லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான், வெடுக்கென்ற இழுப்பெல்லாம் இல்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி ஒரு கனம். பலகையில் வைத்து வாலைச் சேர்த்துப் பிடித்தும் பதிமூன்றே முக்கால் அங்குலம். கணக்கில் சேர 14 வேண்டும். விட்டேன்.

2:25-க்கு இன்னொன்று, பதினைந்து அங்குலம். தராசில் 1 பவுண்டு 14 அவுன்ஸ். பத்தொன்பது கோ-ஆங்லர்களில் பதினோரு பேர் வெறுங்கை, எனக்கு ஆறாவது இடம்.

ஃபோர்க்வாசி:
உங்களுக்கு மீன் கடிக்காத பஞ்சம். எனக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் அது இல்லை, சட்டம்தான். அங்கே 16 அங்குலத்திலிருந்து 24 வரை உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, திருப்பி விட்டாக வேண்டும். அன்று நான் பிடித்த ஏழும் 17, 19, 20 என்று அழகழகான மீன்கள். ஒவ்வொன்றையும் அளப்பேன், கும்பிட்டு விடுவேன். படகில் கூட வந்தவர் அரைக்கை நீளத்தில் ஐந்து பொடிசுகளைச் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சிரித்தார். கடைசி ஒரு மணி நேரம் வேண்டுமென்றே கரையோரம் போய்ப் பொடிசு தேடினேன். சின்ன மீனுக்காக இப்படி அலைந்தது வாழ்க்கையில் அன்றுதான். இரண்டு கிடைத்தது.

வாளிக்காரன்:
ஆகஸ்ட் வெயில். ஐந்து மீனும் காலை ஒன்பதுக்கே பெட்டிக்குள். ஜெயித்த மாதிரிதான் என்று இருந்தேன். மதியம் லைவ்வெல் (மீனை உயிரோடு வைக்கும் அந்தத் தண்ணீர்ப் பெட்டி) மூடியைத் திறந்தால் பம்ப் நின்றிருக்கிறது, எப்போது நின்றதோ. ஒரு மீன் சாய்ந்து மிதக்கிறது. மீன்பிடிப்பை அத்தோடு நிறுத்திவிட்டு, ஆழத் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினேன், குடிக்க வைத்திருந்த ஐஸையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். இரண்டு மணி நேரம், முதுகு கழன்றுவிட்டது. நாலு பிழைத்தது. செத்த ஒன்றுக்கு மொத்த எடையில் 4 அவுன்ஸ் கழித்தார்கள். மூன்றாம் பரிசு போனது 3 அவுன்ஸில்.