பழைய போர் விமானங்கள் பார்க்கப் பையனை எங்கே கூட்டிப் போகலாம்?

வேளச்சேரி அம்மா:
2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமான சாகசத்தைப் பார்த்ததிலிருந்து என் பையனுக்கு வேறு பேச்சே இல்லை. எட்டாவது படிக்கிறான். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்ற அன்று, சொந்தக்காரர் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். முழுப் பரீட்சை லீவில் பழைய போர் விமானங்கள் நிற்கிற மியூசியம் எதற்காவது கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். பெங்களூரா, விசாகப்பட்டினமா? மாமனாரும் வருவார், அவருக்கு முழங்கால் வலி. தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குள் விடுவார்களா? விட்டால் செலவே மிச்சம்.

குரோம்பேட்டைக்காரன்:
தாம்பரத்தை மறந்துவிடுங்கள் மேடம். விமானப்படையில் பறக்கச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கே பயிற்சி தருகிற பள்ளி அங்கே இருக்கிறது, தினமும் வேலை நடக்கிற தளம், சும்மா போய்ச் சுற்றிப்பார்க்க முடியாது. பெங்களூரில் விமானம் செய்கிற அரசு கம்பெனியான எச்.ஏ.எல். வைத்திருக்கிற மியூசியம்தான் சுலபம். பிருந்தாவன் எக்ஸ்பிரஸிலோ லால்பாக் எக்ஸ்பிரஸிலோ போய் கே.ஆர்.புரத்தில் இறங்கினால் மாரத்தஹள்ளிப் பக்கம் ஆட்டோ பிடித்துவிடலாம்.

அங்கே போனால் மாருத் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அது, வடிவமைத்தவர் கூர்ட் டாங்க், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு ஃபோக்கவுல்ஃப் 190 என்கிற போர் விமானத்தைச் செய்து கொடுத்த அதே ஆள். 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. உடம்பைப் பார்த்தால் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகும் போலத்தான் இருக்கும், திட்டமும் ஏறக்குறைய அதுதான், ஆனால் அதற்கேற்ற இன்ஜின் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை, அதனால் நாட் என்கிற குட்டி விமானத்தில் ஒன்று போட்ட ஆர்ஃபியஸ் குடும்பத்து இன்ஜினையே இதில் இரண்டாகப் போட்டுப் பறக்கவிட்டார்கள். அந்த ஆர்ஃபியஸையும் உள்ளே தனியாக வைத்திருக்கிறார்கள். இன்ஜினைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மாருத்தைப் பாருங்கள், பையனுக்கே கதை புரிந்துவிடும்.

அரக்கோணம் ஜங்ஷன்:
பெங்களூரைக் குறை சொல்லவில்லை, ஆனால் சென்னைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிற டி.யு.-142 என்கிற கடற்படை விமானம்தான் என்பேன். நம்ம ஊர் விமானம் சார் அது! கடற்படை அதை 1988இல் வாங்கியது, 1992இல் எங்கள் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்கிற கடற்படை விமானத் தளம் தொடங்கியதும் இங்கே வந்தது, 2017 மார்ச்சில் ஓய்வு கொடுக்கும் வரை இங்கேதான் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இன்ஜினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், அப்படி நான்கு இன்ஜின். பக்கத்தில் நின்று பேசினால் கேட்காது. 29 வருடம் ஓடியதில் ஒரு விபத்து கிடையாது.

கடைசியாக விசாகப்பட்டினத்துக்குத் தானே பறந்து போய் இறங்கியது, அப்புறம் பிரித்து ஆர்.கே. பீச்சுக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 50 மீட்டர். எச்.ஏ.எல்.லில் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும், இதில் உள்ளேயே ஏறி நடக்கலாம். ரோட்டைத் தாண்டினால் குருசுரா நீர்மூழ்கிக் கப்பல் வேறு. நீர்மூழ்கியைத் தேடிப் பிடிக்கத்தான் இந்த விமானமே, வேட்டைக்காரனும் வேட்டையும் எதிரெதிரே, இரண்டுமே சோவியத் தயாரிப்பு. இதைவிட நல்ல பாடம் ஒரு பையனுக்கு எங்கே கிடைக்கும்?

வேளச்சேரி அம்மா:
அரக்கோணம் என்றதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முழங்காலுக்கு என்ன செய்வது?

ரிட்டயர்டு டெக்னீஷியன்:
வணக்கம்மா. விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவன். விமானத்துக்குப் படி ஏறினால் போதும், மெதுவாக ஏறட்டும். நீர்மூழ்கி அப்படியில்லை, ஒவ்வொரு அறைக்கும் வட்டமான சின்னத் துவாரம் வழியாகக் குனிந்து காலைத் தூக்கிப் போட்டுத்தான் போக வேண்டும். பெரியவரை அங்கே இழுக்காதீர்கள், பீச்சில் உட்காரவையுங்கள்.

ஒரு விஷயம், மியூசியத்தில் எல்லாரும் மூக்குக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பையனை விமானத்தின் அடிவயிற்றுப் பக்கம் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் மடங்குகிற இடம், ரிவெட் வரிசை, திறந்து மூடுகிற சின்னச் சின்ன மூடிகள், எங்களைப் போன்றவர்கள் கை வைத்த இடமெல்லாம் அங்கேதான். நாட் எங்கேயாவது கண்ணில் பட்டால் இறக்கை நீளத்தை அடியால் அளக்கச் சொல்லுங்கள், ஏழு மீட்டர்கூட இருக்காது. அவ்வளவு சின்ன விமானத்தில்தான் 1971 டிசம்பர் 14இல் ஸ்ரீநகர் மேலே நிர்மல் ஜித் சிங் செக்கோன் தனியாகப் பாகிஸ்தானின் பல சேபர் போர் விமானங்களோடு மோதி உயிரை விட்டார். விமானப்படையில் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

டில்லிப் பக்கம் போனால் பாலம் (Palam) என்கிற இடத்தில் இருக்கிற விமானப்படை மியூசியத்தையும் விடாதீர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து கான்பூரில் உபயோகமில்லாமல் போகட்டும் என்று விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஏறக்குறைய நாற்பதை எச்.ஏ.எல். ஆட்கள் தேற்றிப் பறக்கவைத்தார்கள். அந்த வகை லிபரேட்டர் ஒன்று அந்த மியூசியத்தில் இருக்கிறது.

குரோம்பேட்டைக்காரன்:
சரி, நான் விட்டுக்கொடுக்கிறேன், விசாகப்பட்டினமே போங்கள். ஆனால் திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், அங்கே திங்கள் லீவு. போவதற்கு முன்னால் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி அம்மா:
சனிக்கிழமை ராத்திரி ஹவுரா மெயிலுக்கு டிக்கெட் பார்க்கிறேன், ஞாயிறு காலையில் இறங்கிவிடலாம். கீழ் பெர்த் ஒன்று மாமனாருக்குக் கிடைத்தால் போதும். பெங்களூர் தசரா லீவுக்கு என்று பையன் இப்போதே சொல்லிவிட்டான்.