ஷேல் கணக்கீட்டு மாதிரியில் டெல்டா மட்டும் பொருந்தவில்லை, உதவுங்கள்

வணக்கம். ஷேல் பாறையில் (களிமண் மிகுந்த படிவுப் பாறை) நில அதிர்வு அலையின் வேகம் திசைக்குத் திசை மாறுவதைப் பாறை இயற்பியல் வழியாகக் கணக்கிட்டு வருகிறேன். இந்த மாற்றத்தை மூன்று எண்களால் சொல்வார்கள்: எப்சிலான் என்பது அழுத்த அலையின் கிடை, செங்குத்து வேகங்களின் வேறுபாடு; காமா என்பது குறுக்கு அலைக்கு அதே வேறுபாடு; டெல்டா என்பது செங்குத்துக்கு அருகே அழுத்த அலையின் வேகம் மாறும் விதம். களிமண் தகடுகள் எல்லாம் பாறையின் அடுக்குத் தளத்துக்கு இணையாகக் கிடப்பதாக வைத்தால் எப்சிலான் மிக அதிகமாக வருகிறது. சரி என்று தகடுகளின் ஒழுங்கைக் கொஞ்சம் கலைத்தேன்; எப்சிலான், காமா இரண்டும் ஆய்வக அளவீட்டோடு ஒத்துப்போயின. டெல்டா மட்டும் அடம்பிடிக்கிறது: அளவீட்டில் மைனஸ், மாதிரியில் பிளஸ்.

டெல்டாவை முக்கியமாக ஆட்டுவது சி13 என்ற மீள்விறைப்பு மாறிலி. அதை 45 பாகையில் வெட்டிய துண்டின் வேகத்திலிருந்து எடுத்தேன். அங்கே அளந்தது கட்ட வேகமா (அலைமுகம் நகரும் வேகம்), குழு வேகமா (அலையின் ஆற்றல் செல்லும் வேகம்) என்பதிலேயே சந்தேகம். சிறு பிழைகூட சி13-ஐப் புரட்டிவிடும். அப்புறம், கெரோஜனை (ஷேலில் உள்ள திடக் கரிமப் பொருள்) மெல்லிய அடுக்குகளாகக் கொண்டு பேக்கஸ் சராசரி (மெல்லிய அடுக்குகளை ஒரே ஊடகமாகச் சுருக்கும் முறை) போடலாமா, தனித்தனித் துகள்களாக வைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் எதை முதலில் சரிபார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.