மலை வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது: காப்பீடு நிற்குமா?

திருப்பூர்க்காரர்:
வணக்கம். கோத்தகிரிக்கு அருகே கட்டபெட்டுப் பக்கம் சரிவில் எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தங்குவோம். மற்ற மாதங்களில் பூட்டியே கிடக்கும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் சாவி இருக்கிறது, அவர் அவ்வப்போது திறந்து பார்ப்பார். தீ, மண்சரிவு, திருட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பாலிசி போதும் என்கிறார் முகவர். படிவத்தில் சொந்தக் குடியிருப்பு என்று எழுதிவிட்டுப் பூட்டிக் கிடப்பதைச் சொல்லாமல் விடலாம் என்றும் சொல்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. சீசனில் சில வாரம் வாடகைக்கு விடும் யோசனையும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை:
அது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றியது நியாயம்தான், ஐயா. பூட்டிக் கிடப்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். பழைய தீக்காப்பீட்டு பாலிசியில், கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பாலிசியில் பதிவு செய்திருந்தாலன்றிக் காப்பு நின்றுவிடும் என்றே நிபந்தனை இருந்தது. இப்போது உங்களுக்குத் தரப்படும் பாலிசியில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். எப்படி இருந்தாலும், "கோடை தவிர்த்துப் பூட்டியிருக்கும், மேற்பார்வைக்கு ஆள் உண்டு" என்று முன்மொழிவுப் படிவத்திலேயே (பாலிசிக்கான விண்ணப்பம்) எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு நேர்ந்த பிறகு, சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் முதலில் கேட்பது வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைத்தான். மின்கட்டண ரசீதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும், வீடுகளுக்கான பாரத் கிரிஹ ரக்ஷா பாலிசியில் தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ, மண்சரிவு, பாறைச்சரிவு ஆகியவை அடங்கும். ஆனால் மண்சரிவு என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். நிரப்பிய மண் இறங்குவது, புதுக் கட்டடம் இயல்பாகப் படிந்து விரிசல் விடுவது, தரமற்ற வேலை, பக்கத்தில் மண் தோண்டியதால் வரும் சேதம் ஆகியவை விலக்கு, அதாவது அவற்றுக்கு இழப்பீடு கிடையாது. மலையில் வீட்டு மனை என்பதே சரிவை ஒருபுறம் வெட்டி, அந்த மண்ணை மறுபுறம் கொட்டிச் சமன் செய்ததுதானே! கொட்டிய பக்கத்தில் நிற்கும் அறை சாய்ந்தால் நிறுவனம் இந்த விலக்கைத்தான் எடுத்துக் காட்டும். ஆகவே பாலிசி எடுக்கும் முன்பே தாங்குசுவர், வடிகால், சுவர் விரிசல்கள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

திருட்டு விஷயத்தில் முகவர் சொன்னது தவறு. மேலே சொன்ன விபத்துகளில் ஒன்று நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் திருடு போனால் மட்டுமே அந்த பாலிசி தரும். பூட்டை உடைத்து நடக்கும் சாதாரணத் திருட்டுக்குத் தனிக் காப்பு வாங்க வேண்டும். ஆளில்லா வீட்டுக்கான நிபந்தனைகள் அதில்தான் கடுமையாக இருக்கும்.

காப்பீட்டுத் தொகைக்கு நிலத்தின் விலை கணக்கில் வராது. உட்பரப்பை (சுவர்களுக்குள் உள்ள தரைப்பரப்பு) சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். மணலும் செங்கல்லும் சமவெளியிலிருந்து ஏற வேண்டிய ஊரில் திருப்பூர் விலையைப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும்.

பெருமாள்மலைவாசி:
கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வாடகைக்கு விடுவதாக இருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். குடியிருப்பு பாலிசி குடியிருப்புக்கு மட்டும்தான். விருந்தினருக்கு நாள் கணக்கில் விட்டால் அது தொழில் ஆகிவிடும், அதற்கு வேறு பாலிசி.

மரங்களையும் கவனியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே வந்தபோது சாய்ந்த மரங்களை எண்ணி முடியாது. கூரைமேல் மரம் விழுவதற்கு கிரிஹ ரக்ஷா பாலிசியில் இழப்பீடு உண்டு. ஆனால் ஆபத்தாகச் சாய்ந்து நிற்பது தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்ற பேச்சு எழக்கூடாது. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தின் நகல் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

திருப்பூர்க்காரர்:
இருவருக்கும் நன்றி. மண் நிரப்பிய பக்கத்தில்தான் எங்கள் சமையலறை இருக்கிறது. இன்னொன்று, எங்கள் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவை உடைத்து உள்ளே வரும். அது எதில் சேரும்?

ஓய்வுபெற்ற சர்வேயர், கோவை:
வெளிப்பொருள் மோதிய சேதம் என்ற பிரிவில் கேட்கலாம், ஆனால் வாதத்துக்கு இடமுள்ளது. ஆகையால் பணம் கட்டும் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவரின் வாய்மொழி போதாது. பின்னால் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) அலுவலகத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. சமையலறைப் பக்கத்துத் தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் மழைக்கு முன் திறந்துவிடச் சொல்லுங்கள்.