பரிந்துரைக் கடிதம்: சாரை எப்படி அணுகுவது?

கோவை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். ஜெர்மனியில் எம்.எஸ். சேர 2 பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஜூலை 15 கடைசி நாள். ஜெர்மனியில் படிக்க நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வந்துவிட்டது, துறைத் தலைவரும் (ஹெச்ஓடி) கடிதம் தர ஒத்துக்கொண்டார். தெர்மோடைனமிக்ஸ் எடுத்த சார்தான் சிக்கல். அவர் பேப்பரில் எனக்கு 'ஓ' கிரேடு, அதாவது இருப்பதிலேயே உயர்ந்த கிரேடு. ஆனால் என் முகம்கூட அவருக்கு ஞாபகமில்லை. செக்‌ஷனில் 60 பேர், எப்படி இருக்கும்!

ரெஸ்யூமே, மார்க் ஷீட் வைத்து மெயில் போட்டேன், பதில் இல்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றால், திருத்துகிற பேப்பரிலிருந்து நிமிராமலே "அப்புறம் வாப்பா" என்கிறார். "நீயே எழுதிக் கையெழுத்து வாங்கிடு" என்கிறார்கள் சீனியர்கள். அதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

இவரையே விடாமல் பார்ப்பதா, என்னை நன்றாகத் தெரிந்த லேப் மேடத்திடம் வாங்கிவிடுவதா?