டூர் முடிவில் சொந்தக்காரர் வீடு: மலையகம் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வவுனியாக்காரன்:

நுவரெலியாவைப் பற்றி எழுதப் போவதில்லை. ஏப்ரல் சீசன், கால் வைக்க இடமில்லை, கிரகரி வாவிக்கரையில் குதிரை, பிள்ளைகளுக்கு ஸ்ட்ரோபரி. அவ்வளவுதான். எழுத வந்தது அதற்குப் பிறகு மஸ்கெலியாப் பக்கம் போனதைப் பற்றி.

1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அப்பாவின் குடும்பம் அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்தது. நான் இங்கேதான் பிறந்தேன். அப்பாவின் தங்கையை மட்டும் அங்கேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணம், சாவு என்று அத்தை வீட்டார்தான் எப்போதும் இங்கே வருவார்கள். இந்த முறை சுற்றிப் பார்ப்பதை முடித்துவிட்டு, கடைசியில் அத்தை வீடு என்று வைத்தோம். மனைவி யாழ்ப்பாணம். “களைச்சு விழுந்து, ஊத்தை உடுப்புகளோட ஆக்களின்ர வீட்டை போறதே?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் முதலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தால் நுவரெலியா நடந்திருக்காது. அங்கிருந்து எங்களை யார் விடப்போகிறார்கள்?

கடைசியில் வைத்ததால் வந்த கூத்து வேறு. அத்தைக்கென்று உளுந்தும் மன்னார் கருவாடும் வவுனியாவிலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தோம். கருவாடும் எங்களோடு டூர் வந்தது. கண்டியில் ஒரு ரூம், நுவரெலியாவில் ஒரு ரூம், எத்தனை பொலித்தீன் சுற்றியும் வாசம் அடங்கவில்லை. ஹட்டன் பஸ்ஸில் முன் சீட்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். ஆனால் பொதியை அவிழ்த்தபோது அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆப்பிள், பிஸ்கட் எல்லாம் ஹட்டன் டவுனிலேயே கிடைக்கும். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மலைக்கு ஏறுபவர்கள் கடல் பக்கத்துச் சாமான் கொண்டு போங்கள். பஸ்ஸில் கொஞ்சம் வெட்கப்பட்டால் போதும்.

அத்தை வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பலாம் என்றால் நடக்காது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பிராவுக்கு வந்தவன் மற்றக் காம்பிராக்களையும் மிதிக்காமல் போனால் அது பேச்சாகிவிடும். ஒவ்வொரு வாசலிலும் பிளேன்டீ, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நக்கி நக்கிக் குடிக்கும் அந்த முறை மகளுக்குப் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் கேட்கிறாள்.

தொங்கலில், கடைசிக் காம்பிராவில், ஒரு அம்மாயி. “யாரு வூட்டுப் புள்ள?” என்று கேட்டார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. அத்தை குறுக்கே வந்து ஏதோ சொன்னதும், “அட, ரதி கட்டுனவரு பேரனா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். தாத்தா காமன் கூத்தில் மன்மதனின் பெண்டாட்டி ரதியாக வேஷம் கட்டியவராம். எங்கள் வீட்டில் இருக்கும் படத்தில் அவர் பெரிய மீசையோடு முறைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம், இதை ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று.

அந்த அம்மாயியின் அக்கா இருப்பது நீலகிரியில், கூடலூர்ப் பக்கம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரைப் பிரித்தார்களே, அதில் ஒரே இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) விளையாடிய அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கணக்கில் விழுந்தார்கள். அக்கா தலைமன்னாரில் கப்பலேறிப் போய், அங்கே தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துதான் எடுத்திருக்கிறார். அம்மாயியின் பேரன் வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்துக் கொடுத்தான். லயத்தில் சிக்னல் இல்லாததால் எல்லோருமாகக் கோயில் மேட்டுக்கு ஏறினோம். அக்கா எங்களை விசாரித்ததெல்லாம் அரை நிமிஷம். “பீலியக் காட்டு, பீலியக் காட்டு” என்பதே பேச்சு. பீலி என்றால் மலைத் தண்ணீர் வந்து விழும் இடம். பேரன் மேட்டிலிருந்தபடியே ஃபோனைத் திருப்பிக் காட்டினான். பீலியில் இப்போது பைப் பூட்டி சீமெந்துத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். “இது நம்ம பீலி இல்ல” என்று அவர் சாதிக்க, “கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு” என்று இவர் இங்கிருந்து கத்த, சண்டையே வந்துவிட்டது. கோல் துண்டித்தபோது இரண்டு பேரும் கோபமாகத்தான் இருந்தார்கள். அடுத்த வாரம் மறுபடி எடுப்பார்களாம், இதே சண்டை தொடருமாம்.

ஹட்டன் டிக்கெட்:

கடைசியில் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பண்டாரவளையில் கூட்டாளி வீட்டுக்கு அப்படித்தான் போனோம், எல்ல பாலம், தெமோதரை எல்லாம் பார்த்து முடித்து. கொழும்புக்குப் பொடி மெனிக்கே ரயிலில் சீட் போட்டிருந்தது. கூட்டாளியின் அம்மா அப்போதுதான் ரொட்டிக்கு மாப் பிசைகிறார், மகன் அம்மியில் சம்பல் அரைக்கிறான், நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, ரொட்டியைச் சுடச்சுடப் பேப்பரில் சுற்றித் தந்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். கோச்சி வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தது. ரொட்டியை பிளாட்போர்மில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல ரொட்டி. ஆனால் அந்த வீட்டுப் படியைத் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகமில்லை. சொந்தக்காரரை முதலில் பாருங்கள், அருவி எங்கேயும் ஓடிப்போகாது.

மாத்தளை மருமகள்:

எங்கள் பக்கத்தில் போகும்போது கைநிறையக் கொண்டு போனாலும், திரும்பும்போது அதைவிடப் பாரம். மாமி கட்டித் தந்த கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், தேயிலைத் தூள், ஒரு பை மரத்தக்காளி. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் ஒரு முறை சொல்லி, இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொழுந்துக்காரி மக:

எல்லாரும் போனவங்க கதை சொல்றீங்க. நாங்க வரவேற்கிற பக்கம். முதல்லயா கடைசிலயாங்கிறது எங்களுக்குப் பெரிய விஷயமில்ல. எந்தக் கிழமை வர்றீங்கங்கிறதுதான் விஷயம்.

செவ்வாக்கிழமை காலையில வந்து நின்னா அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போக மாட்டாங்க. அன்னிக்குப் பேரு, அதாவது அந்த நாள் சம்பளம், போச்சு. 2024ல ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபான்னு கூட்டினாங்க. அதுவும் தோட்டம் சொன்ன கிலோவ எடுத்தாத்தான் முழுப் பேரு, இல்லன்னா அரைப் பேரு. விருந்தாளிக்கு முன்னால அம்மா இத வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, சிரிச்சிக்கிட்டே தேத்தண்ணி ஊத்துவாங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, இல்ல பௌர்ணமி லீவு, போயா அன்னிக்கு வாங்க.

வெளிநாட்டுல இருந்து ஒரு மாமா குடும்பம் வேன் பிடிச்சி வந்தாங்க. லயத்த போட்டோ எடுத்தாங்க, கொழுந்து நிறுக்கிற எடத்துல அம்மா கூடையோட நின்னதயும் எடுத்தாங்க. ஒரு மணித்தியாலத்துல டிரைவர் ஹோர்ன் அடிச்சாரு, போயிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் சித்தி வந்தாங்க, பஸ்ஸுலதான். நாங்க அவங்கள உள்ள படுக்க வெச்சிட்டு இஸ்தோப்புல படுத்தோம். விடிய எந்திரிச்சா, அம்மாவுக்கு முன்னாடி அவங்க அடுப்பு பத்த வெச்சி, மலைக்குக் கொண்டு போக ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தாங்க.

வீடு சின்னது, கக்கூஸ் வெளிய, அது எங்களுக்கும் தெரியும். அதுக்காக ஹட்டன்ல ரூம் எடுத்துட்டு “உங்களுக்குக் கஷ்டம் குடுக்கக்கூடாதுன்னுதான்” அப்படின்னு சொல்லாதீங்க. கோவம் வருது.

வர்றதுன்னா முந்தின நாளே ஃபோன் பண்ணிட்டு வாங்க. கோழிய சாயந்திரமே கூட்டுல அடைச்சாத்தான் உண்டு, விடிஞ்சிட்டா அது மலைக்குள்ள போயிரும், பிடிக்க முடியாது.