எங்கள் தெருவில் மனநோயிலிருந்து தேறியவர்களுக்கு வீடு: ஊர்க்கூட்டத்தில் என்ன பேச?

தக்கலைப் பக்கத்துக்காரி

தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஓட்டு வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது, வீட்டுக்காரர் துபாயில். அதை ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்து ஐந்து பெண்களைக் குடிவைத்திருக்கிறது. எல்லாரும் மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் தேறியவர்கள், திரும்பக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லாதவர்கள். உதவிக்கு ஒரு அக்கா கூடவே தங்குகிறார்.

அவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் முற்றம் பெருக்குகிறார்கள், துணி துவைக்கிறார்கள், சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிறார்கள். எங்கள் மரத்துச் சக்கை (பலாப்பழம்) ஒன்று அவர்கள் வேலிக்குள் விழுந்தபோது அதில் ஒருத்தர் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்துவிட்டு, ‘பழுத்திருக்கு, இன்னைக்கே வெட்டிருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஊரில் சிலர் அவர்களைக் காலி பண்ணச் சொல்லி மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். ‘வட்டு (பைத்தியம்) பிடிச்சவங்கள பிள்ளைங்க நடமாடுற இடத்துல கொண்டு வைக்கலாமா’ என்பதுதான் பேச்சு. என் மாமியாரும் போட்டுவிட்டார், நான் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பெண்கள் எழுந்து பேசுவது எங்கள் ஊரில் குறைவு, ஆனாலும் பேசப்போகிறேன். சட்டம் என்ன சொல்கிறது, எதைச் சொன்னால் எடுபடும்?

கோட்டாறு வக்கீல்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 19. மனநோய் உள்ளவருக்குச் சமுதாயத்துக்குள் வாழ உரிமை உண்டு, அவரை ஒதுக்கி வைக்கக்கூடாது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆதரவு இல்லங்களுக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பிரிவு 18 சொல்கிறது. ஊர்க்கூட்டம் கூடித் தீர்மானம் போட்டு ஒருவரைக் குடியிருப்பிலிருந்து கிளப்ப எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இது புதுச் சோதனையும் இல்லை. சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்று இதே மாதிரி சாதாரணத் தெருக்களில் வீடு எடுத்து, நாலைந்து பேரை ஒரு உதவியாளரோடு குடிவைத்து வருகிறது. கேரளத்திலும் அசாமிலும்கூட நடக்கிறது.

ஆனால் அக்கா, எழுந்ததும் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஆட்கள் முறுக்கிக்கொள்வார்கள். கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் எடுங்கள்.

குளச்சல் அப்பா

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அந்தத் தெருவில் இருந்தால் நானும் யோசித்திருப்பேன். என் பயம் அந்தப் பெண்களை நினைத்து இல்லை, நடத்துகிறவர்களை நினைத்துத்தான். முன்பு நாங்கள் இருந்த ஊரில் இப்படி ஒரு இல்லம், கேட் எப்போதும் பூட்டு, ராத்திரி உள்ளே அலறல் கேட்கும், யாரிடம் கேட்பது என்று தெரியாது, போர்டில் இருந்த நம்பர் வேலை செய்யாது. அதனால் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று எல்லாவற்றையும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

கருங்கல்காரர்

குளச்சல் அண்ணன் சொன்ன பயம் நியாயமான பயம், ஆனால் அதற்கு அவர் சொல்கிற வழி தப்பு. ஒருவருடைய நோய் விவரம் ரகசியம், அதே சட்டத்தில் பிரிவு 23. உங்கள் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று ஊர்க்கூட்டத்தில் வாசிப்பீர்களா? கேட்க வேண்டியது வேறு. கூட இருக்கிற அக்காவின் போன் நம்பர், நிறுவனத்தில் ராத்திரியும் எடுக்கிற ஒரு நம்பர், அவசரம் என்றால் எந்த டாக்டர், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோவது யார், நிறுவனம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா. இதையெல்லாம் ஊர் தாராளமாகக் கேட்கலாம், அவர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பூட்டிய கேட் என்றால் எனக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த குடிசையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்தார்கள். ஊரை விட்டு ஒதுக்கி, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் வைத்தால் அப்படித்தான் முடியும். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம், ஆனாலும் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் எந்தச் சட்டம் நுழையும்? நாலு வீட்டுக்கு நடுவில், திறந்த முற்றத்தோடு, சந்தைக்கு மீன் வாங்க வருகிற மாதிரி அவர்கள் இருப்பதுதான் அவர்களுக்கும் பத்திரம், உங்கள் பிள்ளைகளுக்கும் பத்திரம். கூட்டத்தில் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். ராத்திரி மாத்திரை போட்டால் விடியற்காலை எழுந்திருக்க முடியாது, அதனால் ரப்பர் பால்வெட்டு அவனுக்கு ஒத்துவரவில்லை. தோட்டக்காரர் அவனை விரட்டாமல் வெயில் ஏறினபிறகு ஷீட் அடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். உறைந்த பாலை ரோலரில் கொடுத்து இழுப்பது, காயப்போடுவது எல்லாம் அவன்தான். சாதாரண விஷயம்போலத் தெரியும், வேலையும் மாத்திரையும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும், பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக மாட்டார்கள் என்பது என் எண்ணம். அப்புறம், பக்கத்து வீட்டில் கல்யாணம் சொல்ல வந்தவர் அவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கு அம்மா அழுதது இன்னும் மறக்கவில்லை.

குளச்சல் அப்பா

நம்பர் கேட்பது சரி. நோய் விவரம் கேட்டதை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொன்ன பிறகு அது சரியாகப் படவில்லை. ஆனால் பதிவு பார்க்காமல் நான் விட மாட்டேன்.

கோட்டாறு வக்கீல்

விட வேண்டாம், அது கேட்க வேண்டிய கேள்விதான். இன்னொன்று, அக்கா. மனு எழுதுகிறவர்கள் முதலில் பிடிப்பது வீட்டுக்காரரைத்தான். துபாயில் இருக்கிறவர் காதுக்கு எதிர்ப்பு மட்டும் போனால், வம்பு எதற்கு என்று வாடகைக்கு விடுவதை நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே நீங்கள் ஒரு போன் போடுங்கள். கையெழுத்துப் போடாத வீடுகளும் தெருவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். யாருக்காவது திடீரென்று உதவி தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், அந்த எண்ணையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

தக்கலைப் பக்கத்துக்காரி

வீட்டுக்காரரின் நம்பர் அவர் தங்கச்சியிடம் வாங்கிவிட்டேன். அவருக்கு ராத்திரிதான் ஓய்வாம். மாமியாரிடம் ஏர்வாடியைச் சொன்னேன், டிவியில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது என்றார், கையெழுத்தை எடுப்பதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நிறுவனத்து ஆளையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பதிவுச் சான்றிதழோடு.