ஆன்லைன் கேம்ல உங்க மனசுல நிக்கிற குவெஸ்ட் (கேம்ல முடிக்கக் குடுக்கிற வேலை) எது? மலையகத்து ஆளுங்க சொல்லுங்க

நோர்வூட் தம்பி:
ரூன்ஸ்கேப் கேம்ல ஒன் ஸ்மால் ஃபேவர்ங்கிற குவெஸ்ட்டை முடிச்சவங்க இருக்கீங்களா? 2005ல வந்தது. ஷிலோ கிராமத்து யன்னி மரக்கட்டை கேட்பான். காட்டுல மரம் வெட்டுறவன், கோடரியைத் தீட்டிட்டு வா தாறேன்பான். தீட்டுற பிரையனுக்கு வேற ஒரு வேலை. இப்படியே ஆள் மாத்தி ஆள். எல்லாம் முடிஞ்சு வந்த வழியே திரும்பி, தீட்டின கோடரியை மரம் வெட்டுறவன் கையில குடுத்தப்ப ராத்திரி ரெண்டு மணி. தகரத்துல மழை அடிக்குது. எந்தச் சண்டையில ஜெயிச்சும் எனக்கு அப்படி நெஞ்சு நிறைஞ்சதில்ல.

மஸ்கெலியாக்காரன்:
தம்பி, அதுல நடக்கிறதுதான் வேலை. மூளைக்கு என்ன இருக்கு? சீக்ரெட் வேர்ல்ட்ங்கிற கேம்ல கிங்ஸ்மவுத் கோட் குவெஸ்ட்டை ஆடிப் பாருங்க. வழி காட்ட அம்புக்குறி கிடையாது. ரோட்டுல இருக்கிற சாக்கடை மூடியைக் குனிஞ்சு பார்த்து, அதுல உள்ள சின்னத்தைப் பிடிச்சுக்கிட்டே போகணும். முதல் மூடியைக் கண்டுபிடிச்சப்ப கதிரையை விட்டே எழும்பிட்டேன்.

ஹட்டன் அண்ணன்:
நானும் ஒன் ஸ்மால் ஃபேவர்ல பாதியில விட்டவன். புதுசா ஆடுறவங்களுக்குச் சொல்றேன்: விடை எல்லாம் போட்டிருக்கிற கேம் விக்கியைத் திறக்காதீங்க. கொப்பி ஒண்ணு வைங்க, யாரு எங்க நிக்கிறாங்க, என்ன கேட்டாங்கன்னு எழுதுங்க. நடுவுல கரண்ட் போனாலும் கொப்பி இருக்கும். 2018ல இருந்து ஓல்ட் ஸ்கூல், அதான் ரூன்ஸ்கேப்போட பழைய வடிவம், போன்லயும் ஆடலாம். ஆனா இந்த குவெஸ்ட்டுக்கு மெம்பர்ஷிப் வேணும், காசு கட்ட முந்தி இலவச குவெஸ்ட்டையெல்லாம் முடிச்சுப் பாருங்க.

பண்டாரவளை அக்கா:
மூளையைக் கசக்கினாத்தான் குவெஸ்ட்டா அண்ணே? எனக்கு மறக்காதது ரூன்ஸ்கேப்ல வர்ற குக்ஸ் அசிஸ்டன்ட். முட்டை, பால், மாவு, அவ்வளவுதான். மாவு மில்லுல மேல்மாடிக்கு ஏறி கோதுமையைக் கொட்டி, லீவரையும் இழுத்துட்டேன். ஒண்ணும் வரல. முழிச்சிட்டு நின்னேன். பின்னால நின்ன அப்பா, "கீழ போய்ப் பாரும்மா, எறங்கியிருக்கும்"னாரு. தேயிலை ஸ்டோருல (ஃபேக்டரியில) முப்பது வருஷம் நின்னவரு, மேல வாட்டின கொழுந்து கீழ ரோலருக்கு எறங்குறது அவருக்குத் தெரியாததா? ஓடிப்போய்ப் பார்த்தா மாவு கெடக்கு. ஆனா அள்ள பானை கொண்டு போகல. "சாக்கு இல்லாம யாரும்மா ஸ்டோருக்கு வருவா"ன்னு அப்பா பக்கத்துலயே உக்காந்துட்டாரு. அன்னைக்குத்தான் முதல் தடவையா, நான் என்ன ஆடுறேன்னு கேட்டாரு.